வாளிக்கு முன்னால் அத்தை

கடுகு அன்று காலையிலிருந்தே கோபமாக இருந்தாள்.

அவளுடைய உண்மையான பெயர் வேறு. பத்து வயதுக்கு ஆள் சின்ன உருவம்தான். ஆனால் சூடான எண்ணெயில் போட்டது போல எதற்கெடுத்தாலும் படபடவென்று வெடிப்பாள். அதனால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் கடுகுதான்.

கோபப்படக் காரணமா இல்லை? புயல் அடித்துப் பத்து நாளாகியும் கரண்ட் வரவில்லை. தெருமுனைக் கம்பத்தில் அறுந்த கம்பி அப்படியே தொங்குகிறது. மின்சார அலுவலகத்துக்கு ஃபோன் செய்தால், "ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்கிறார்கள். அந்த ஆள் எந்த நாட்டிலிருந்து நடந்து வருகிறாரோ! ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் கெட்டுப்போய், அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கழுவித் திறந்து வைத்திருந்தாள். மோட்டார் ஓடாததால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லிஃப்ட்டும் தரைத்தளத்தில் அசையாமல் நின்றது.

லிஃப்ட் நின்றதால் மற்றவர்களுக்குக் கால்வலி. அத்தைக்கோ அது சிறைவாசம்.

அத்தை, அப்பாவின் அக்கா. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கால்கள் நடக்காது. சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவாள். தையல்தான் தொழில். முழங்கையால் அழுத்தினால் ஓடுகிற மாதிரி அவளுடைய மெஷினில் ஒரு மோட்டார் பொருத்தியிருந்தது. பத்து நாளாக மெஷினும் ஓடவில்லை, அத்தையும் நாலாவது மாடியை விட்டு இறங்கவில்லை.

இன்று தேர்தல். தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட வேண்டும். அத்தை விடிந்ததுமே தலைவாரி, தானே தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிக்கா இறங்குவ?" என்று அப்பா கேட்டார். புயலில் பிய்ந்த ஜன்னல் கதவைப் பிடிக்கப் போய் அவருக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது. வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"எப்படியாவது இறங்குவேன். பத்து நாளா ஃபோன்ல கத்தியாச்சு. ஒருத்தர் காதுலயும் விழல. என் கோபத்தைக் காட்ட மிச்சம் இருக்கறது இந்த ஒரு விரல்தான்" என்று அத்தை ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. சீப்புச் சின்னத்துக்கு வேலை செய்கிறவர் இரண்டு பையன்களோடு மூச்சு வாங்கியபடி நின்றார்.

"அக்கா, கவலையே வேண்டாம். நாங்க பூ மாதிரி தூக்கிட்டுப் போறோம்."

அத்தையின் முகம் மலர்ந்தது.

"அங்க போனதும் சீப்பை மட்டும் மறந்துடாதீங்க" என்று அவர் பல்லைக் காட்டினார்.

மலர்ந்த முகம் அப்படியே இறுகிவிட்டது. "என் கால்தான் நடக்காது, தம்பி. என் விரலுக்கு ஒண்ணும் ஆகல. அது யார் சொல்லியும் அசையாது. போய்ட்டு வாங்க."

கடுகு கதவைச் சாத்திய சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

பிறகு அவள் படியில் தடதடவென்று இறங்கினாள். மூன்றாவது மாடியில் டிரைவர் மாமா இருந்தார். பேருந்து ஓட்டுபவர். கரண்டிச் சின்னத்துக்காக உயிரையே கொடுப்பவர்.

"மாமா, அத்தையைக் கீழே தூக்கிட்டு வர முடியுமா?"

"நாலு மாடியா? என் இடுப்பு கழண்டுடும்மா!"

இரண்டாவது மாடியில் கணக்கு டீச்சர். அவர் சீப்புக் கட்சி. அதனால் டீச்சருக்கும் டிரைவர் மாமாவுக்கும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. டீச்சருக்கு ஆளுயர மகன்கள் இரண்டு பேர்.

"நாலு மாடி தூக்கணுமா? எங்கயாவது வழுக்கினா யார் பதில் சொல்றது? விடும்மா, ஒரு ஓட்டுல என்ன ஆகிடப்போகுது?" என்றார் டீச்சர்.

கடுகுக்குக் காது வரை சூடேறியது. "அப்போ நீங்க மட்டும் எதுக்கு டீச்சர் போட்டுட்டு வந்தீங்க? உங்களுதும் ஒண்ணுதானே?"

டீச்சர் அப்போதும் மகன்களைக் கூப்பிடவில்லை. முதல் மாடி பேக்கரி மாமாவும் அதே பாட்டைத்தான் பாடினார். "நாலு மாடியா? அம்மாடி!"

கடுகு வீட்டுக்கு வந்து சுவரைக் காலால் உதைத்தாள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரல்தான் வீங்கியது. அத்தை கதவிலிருந்து பார்வையைத் திருப்பி, ஓடாத மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் கடுகுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்துவிடும். நாலு மணிக்குத் தண்ணீர் லாரியின் ஹார்ன் கேட்டது.

உடனே எல்லாக் கதவுகளும் திறந்தன. கரண்ட் போன மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் இதுதான் ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மாடியில் நின்று, வந்த வாளியை அடுத்த மாடி வரை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காலி வாளிகளும் அதே மாதிரி கைமாறிக் கீழே இறங்கும். டிரைவர் மாமாவுக்கும் டீச்சர் வீட்டுக்கும் நடுவில் பேச்சுதான் இல்லை, வாளி தடையில்லாமல் போய்வந்தது.

டிரைவர் மாமா மேலே வந்து கையை நீட்டினார். "காலி வாளியக் குடும்மா."

கடுகு வாளியை நீட்டியவள், சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மாமா! இந்த வாளியை நீங்க எத்தனை மாடி தூக்குறீங்க?"

"ஒரு மாடிதான். அதுக்கென்ன?"

"அத்தையையும் ஒரு மாடி தூக்குங்க!"

டிரைவர் மாமா விழித்தார். கடுகு படிக்கட்டின் கைப்பிடி மேல் எக்கி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! இன்னிக்கு வாளிக்கு முன்னாடி எங்க அத்தை வர்றாங்க! ஆளுக்கு ஒரு மாடி! இதுக்கும் முடியாதுன்னா, நாளைக்கு வாளியையும் நாலு மாடி அவங்கவங்களே தூக்கிக்கோங்க!"

கீழேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. "டேய், ரெண்டு பேரும் வாங்கடா. போய் நில்லுங்க."

அத்தையைக் கைவைத்த மர நாற்காலியில் உட்காரவைத்து, தைக்க வைத்திருந்த துணியால் இடுப்பைச் சுற்றிக் கட்டினார்கள். டிரைவர் மாமா ஒரு பக்கமும் அவர் மனைவி மறுபக்கமும் பிடித்தார்கள். அப்பா ஒற்றைக் கையால் சக்கர நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டார். ஜன்னல் இல்லாத படிக்கட்டு என்பதால் கடுகு டார்ச் அடித்தபடி முன்னால் இறங்கினாள்.

"பார்த்துப்பா" என்றாள் அத்தை. "நான் வாளி இல்ல. சிந்தினா துடைச்சு எடுக்க முடியாது."

மூன்றாவது மாடியில் நாற்காலி டீச்சரின் மகன்கள் கைக்கு மாறியது. "தம்பிகளா, ஆறாவது படி உடைஞ்சிருக்கு, பார்த்து" என்றார் டிரைவர் மாமா.

"அவர் சொல்றதக் கேட்டு இறங்குங்கடா" என்றார் கீழே நின்ற டீச்சர். ஒரு மாதம் கழித்து முதல் பேச்சு அதுதான்.

இரண்டாவது மாடியில் பேக்கரி மாமாவும் அவர் மனைவியும் வாங்கிக்கொண்டார்கள். முதல் மாடிக்கு வாட்ச்மேன் வந்திருந்தார். அவருக்கு ஜோடி இல்லை. வாசலில் நின்ற சீப்புக்காரர் தயங்கியபடி படியேறி வந்தார்.

"நான் பிடிக்கட்டுமா அக்கா?"

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பிடிக்கலாம். ஆனா வாயைத் திறக்காமப் பிடிக்கணும்."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு தூக்கினார். தரைத்தளம் வரும்வரை மூச்சைக்கூட மூக்கால்தான் விட்டார்.

தெருவில் சேறும் விழுந்த கிளைகளும் கிடந்தன. டீச்சரின் மகன்கள் கிளைகளை இழுத்துப்போட, கடுகு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பள்ளிக்கூடக் கதவை மூடக் கை வைத்தவர், அவள் வந்த வேகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார்.

அத்தை உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் தோள்கள் நிமிர்ந்திருந்தன.

திரும்பி வந்தபோது யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. முதல் மாடியிலிருந்து நாலாவது மாடி வரை எல்லோரும் அவரவர் இடத்தில் காத்திருந்தார்கள். அத்தை ஏறிய பிறகுதான் தண்ணீர் ஏறியது.

இரவும் கரண்ட் வரவில்லை. தெருமுனையில் அந்தக் கம்பி தொங்கிக்கொண்டேதான் இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடுகு கேட்டாள்.

"அத்தை, உங்க கோபம் போயிடுச்சா?"

"போகலடி. ஆனா சேர்க்க வேண்டிய இடத்துல சேர்த்துட்டேன்."

"எனக்குத்தான் ஓட்டே இல்லையே! என் கோபத்தை நான் என்ன பண்றது?"

"இன்னிக்கு ஒரு கட்டடத்தையே ஆட்டி வச்சியே, போதாதா? மிச்சத்தைப் பத்திரமா வச்சுக்கோ. இன்னும் எட்டு வருஷம்தான்."

"அதுவரைக்கும் இருக்குமா?"

அத்தை காலியாகத் திறந்து கிடந்த ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சிரித்தாள்.

"இருக்கும். நல்ல கோபம் ஃப்ரிட்ஜ் இல்லாமலே கெடாது."