ஆயிரம் தடவை கேட்ட கேள்வி

பிணத்தின் உள்ளங்கைகள் சிவந்திருந்தன... கதவைத் தட்டித் தட்டி!

நைட்ரஜன் தொட்டி அறை. குவாண்டம் கம்ப்யூட்டரைக் குளிர வைக்கும் வாயுவை யாரோ திறந்துவிட்டு, வெளியே பூட்டியிருந்தார்கள். உள்ளே மூச்சுத் திணறிச் செத்தவன் புரோகிராமர்.

சுவரில் சாய்ந்து நின்றவள் அவன் மனைவி. அவளுக்கும் அங்கேதான் வேலை. அழக்கூட வரவில்லை, பாவம்.

இன்ஸ்பெக்டர் அவளிடம் வந்தார்.

"பதினொரு மணிக்கு இந்தக் கதவைப் பூட்டினது உங்க ஐ.டி. கார்டும்மா."

"காலையிலேர்ந்தே அதைக் காணோம் சார்."

"நேத்து கேன்டீன்ல ரெண்டு பேருக்கும் சண்டையாமே?"

"இங்க ஏதோ தப்பு நடக்குது, வேலையை விட்டுடலாம்னார். நான்தான் கேக்கல..."

கம்பெனியின் சேல்ஸ் டைரக்டர் கோட்டைச் சரிசெய்தபடி குறுக்கிட்டார்.

"அப்ப நான் கன்ட்ரோல் ரூம்ல சார். மருந்து ஃபேக்டரி கேட்ட கணக்கை நானே மெஷின்ல ஓட்டினேன். இதோ ரிசல்ட்."

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். 612... 247... 141.

"இதென்ன?"

"ஒரே கேள்வியை மெஷின்கிட்ட ஆயிரம் தடவை கேப்போம். எந்தப் பதில் எத்தனை தடவை வந்துச்சுன்னு கணக்கு. என்னிக்குக் கேட்டாலும் இம்மி பிசகாது!"

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். பெண் போலீஸ் விலங்கை எடுத்தாள்.

"மூணரைக்கு ஸ்கூல்லேர்ந்து என் பொண்ணை யார் சார் கூட்டிட்டு வருவா?"

அவள் பார்வை தாளில் விழுந்தது... நின்றது.

"சார், என் டிராயரைத் திறங்க. நேத்து இதே கேள்வியை நான் ஓட்டின தாள் இருக்கு."

எடுத்து வந்தார்கள். 612... 247... 141.

"அதே கேள்வி, அதே பதில். சரிதானேம்மா?"

"அதிக தடவை வர்ற பதில் மாறாது சார். எண்ணிக்கை மாறும். காசை ஆயிரம் தடவை சுண்டினா, நேத்து விழுந்த கணக்கு அப்படியே இன்னிக்கும் விழுமா? இந்த மெஷினும் அப்படித்தான். இது என் தாள். தேதியை மட்டும் மாத்தியிருக்கார்."

டைரக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஃபேக்டரிக்கும் புதுசா ஓட்டாம பழசைத்தான் அனுப்பிட்டிருந்தீங்க, இல்ல? என் வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடிச்சிட்டார்..."

டைரக்டருக்கு வியர்த்தது. பத்து வருடமாக மெஷினை விற்றவர், ஒருநாளும் ஓட்டியதில்லை. தன் விளம்பரத்தைத் தானே நம்பிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அவருடைய கோட்டுப் பையில் கைவிட்டார். அவளுடைய கார்டு வந்தது. திருப்பி வைக்க நேரம் கிடைக்கவில்லை போலும்.

விலங்கு கை மாறியது.

"வக்கீல் வராம வாயத் திறக்க மாட்டேன்."

"அவசரமில்ல சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க மெஷினைத்தான் ஆயிரம் தடவை கேக்கணும். ஜட்ஜ் ஒரே தடவைதான் கேப்பார். அதுக்காவது சொந்தமா ஒரு பதில் யோசிச்சு வைங்க... காப்பி அடிக்காம!"