கடல் கடவாத வீரர்கள்

கார்காலப் பெருக்கு வடிந்து, மணல்திட்டுகளை வெள்ளி முதுகுகளாய் அங்கங்கே காட்டிக்கொண்டு கடலை நோக்கி நிதானமாய் நடந்த செங்கால் நதியின் மேல், அந்தி மயங்கி முழுமதி எழுந்த நேரம் அது. கரையிலிருந்த நெடுந்துறைக் கோட்டையின் பேரவை மண்டபத்தில் பந்தங்கள் ஏற்றப்பட்டன. ஆண்மகவின்றி மன்னர் மாண்டு நாற்பத்தொரு நாளாகியிருந்தது. அரியணைக்கு உரிமை கோரிய இருவரில் ஒருவரை அவையின் எண்மர் இன்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதை முடிவு செய்யவிருந்தது ஒரே கேள்விதான்: நாடிழந்து ஓடிவந்திருக்கும் பவளத்தீவு அரசனுக்காகக் கடல் கடந்து படை அனுப்புவதா, வேண்டாமா?

மன்னரின் ஒரே மகள் பூதநங்கை, வெறுமையான அரியணைக்கு அருகே அமர்ந்து, இருவரையும் சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எழுந்தவர் அதிகன் மாறவேள். வாளை உருவினார், உறையிலேயே வளர்ந்த வாளாகையால் அது சற்றுச் சிரமப்பட்டே வெளிவந்தது.

"ஆயிரம் கலங்கள் அனுப்புவேன்! ஏழு கடலிலும் நம் கொடி பறக்கும்!" என்று முழங்கினார்.

அடுத்து எழுந்த நன்னன் சேந்தனார் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அந்நிய மண்ணில் நம் மக்களின் குருதி ஒரு துளியும் சிந்தலாகாது, பெருமக்களே!"

அன்பார்ந்த வாசகர்களே, அந்தக் கண்ணீரை நம்பிவிடாதீர்கள். ஆறாண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில், இதே அரசனுக்காக இதே தீவின் மீது படையெடுக்க முதலில் கை தூக்கியவர் அவரே. அன்று போருக்குச் செல்வாக்கு இருந்தது. இன்று அமைதிக்கு இருக்கிறது.

அப்போது வாயிற்காவலரை விலக்கிக்கொண்டு, வலக்கை இழந்த தாடிக்கார மாலுமி ஒருவன் உள்ளே வந்தான்.

"அன்று போன இருநூறு கலங்களில் நானும் இருந்தேன். திரும்பியவை பதினேழு. தீவின் குடிகள் எங்களை மாலையிட்டு வரவேற்பார்கள் என்றீர்கள். எங்களைக் கண்டதும் தாய்மார்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். மாறவேளே, இம்முறை தாங்கள் எந்தக் கலத்தில் ஏறுகிறீர்கள்?"

"எனக்கு... கடற்பயணம் ஆகாதென்று சோதிடர்..."

அவை சிரித்தது. சேந்தனாரும் சிரித்தார்.

"சிரிக்கும் சேந்தனாரே! அனுப்பிவைத்தீர்களே, எங்களை மீட்க ஒரு தோணியாவது அனுப்பினீர்களா?"

"காலம் மாறும், மனமும் மாறும்..." என்று முனகினார் சேந்தனார்.

பூதநங்கை எழுந்துவிட்டாள். அந்தக் குரல்! ஆறாண்டுகளாக வந்த மணத்தூதுகளையெல்லாம் அவள் திருப்பியனுப்பியது யாருக்காகவோ, அவருடைய குரல்!

"கலிகண்டரே! தாங்கள் கடலில் மாண்டதாக ஓலை வந்ததே!"

"ஓலை எழுதியவர்கள் தேடவில்லை, தேவி."

படைத்தலைவர் கலிகண்டர்! மண்டபம் அதிர்ந்தது. "அவர் சாகவில்லையென்று அன்றே சொன்னேன்!" என்றார் மாறவேள். "நானல்லவா சொன்னேன்!" என்றார் சேந்தனார். அவையின் மூத்தவர் மணிமுடியைக் கலிகண்டரிடம் நீட்டினார்.

"இடக்கையால் சுக்கான் பிடிக்கவே இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். முடி வேண்டாம், தகுந்தவர் அருகிலேயே இருக்கிறார்" என்றார் அவர்.

பூதநங்கை அவர் விழிகளை ஒருகணம் நோக்கினாள். பிறகு அரியணையில் தானே ஏறி அமர்ந்தாள்.

"அடைக்கலம் கேட்டவருக்குச் சோறும் நிழலும் தருவோம், படை தரமாட்டோம். இனி எவர் அழைத்தாலும், நான் முதற்கலத்தில் ஏறாத போருக்கு இந்தத் துறையிலிருந்து ஒரு மரக்கலமும் புறப்படாது. என் தந்தை மீது ஆணை!"

எண்மரும் எழுந்து தலைவணங்கினர். அவர்களுக்கு முன்பே, ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு, மாறவேளும் சேந்தனாரும் அவள் காலடியில் விழுந்து கிடந்தனர்.