சட்டைப் பையில் ஃபீஸ் கட்டை

வெட்டிய வயர் சூடாக இருந்தது.

முனிவேல் அதைக் கீழே போட்டான். உடனே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஃபீஸ் கட்டை இருந்தது. உள்ளங்கை நீளத்துக்கு வெள்ளைப் பீங்கான். பையை முன்னால் இழுத்துத் தொங்கவைத்துக்கொண்டிருந்தது. அது இங்கே இருக்கும்வரை, வெளியே ஷெட் தூணில் இருக்கும் போர்டிலிருந்து இந்த டிரெய்லர் வண்டிக்குள் ஒரு பொட்டு கரண்டுகூட வர முடியாது. வேலையில் இறங்குமுன் ஃபீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வது அவனுக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். சாமி கும்பிடுவதைக்கூட அவன் அத்தனை ஒழுங்காகச் செய்ததில்லை.

டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. பேட்டரியைக் காலையிலேயே கழற்றி வெளியே வைத்தாகிவிட்டது. ஆனாலும் சூடு. கரண்டு ஓடிய வயரின் சூடு அவனுக்குத் தெரியும். அது காய்ந்த சூடு. இது தூங்குகிறவன் கழுத்தில் கை வைத்தால் தெரிகிற சூடு.

வெயிலில் தகரம் காய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வெளியே வெயிலே இல்லை. ஓசூர் வானம் காலையிலிருந்து மூடிக்கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ஜூஜுவாடி செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால் இருந்த அந்த மோட்டார் கம்பெனிக்கு வார விடுமுறை. அதன் டைரக்டர் எண்பத்து மூன்றில் பதினோரு நாள் ஜெர்மனி போய்வந்தவர். அந்தப் பதினோரு நாளை நான்கு வருஷமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார், இன்னும் தீரவில்லை. அங்கே ஜனங்கள் வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவதைப் பார்த்து வந்தவர், பெங்களூரில் நொடித்துப்போன ஒரு சர்க்கஸ் முதலாளியின் டிரெய்லர் வண்டியை வாங்கி, வெள்ளையடித்து, 'நடமாடும் மாநாட்டுக் கூடம்' என்று இரண்டு பக்கமும் எழுதிவைத்தார். கூடம் ஒரே ஒரு முறை நடமாடியது. சூளகிரி மேட்டில் இழுத்துப்போன அம்பாசடரின் கிளட்ச் கருகியது. அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆள் தள்ளினால் ஷெட்டிலிருந்து கேட்வரை வரும். விழா முடிந்ததும் அதே பன்னிரண்டு ஆள்.

நாளை பத்து மணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். உள்ளே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இளநீர் குடிப்பார். அந்த ஐந்து நிமிஷம் விளக்கெல்லாம் எரிய வேண்டும், விசிறி சுற்ற வேண்டும், குட்டி ஃபிரிட்ஜ் உறும வேண்டும்.

"வயரிங் நீட்டா இருக்கணும். பேனலைக் கழட்டச் சொல்லி அவரே பாத்தாலும் பாப்பாரு" என்று அட்மின் மேனேஜர் பரமசிவம் சொல்லியிருந்தார். பெரிய மனிதர்கள் பேனலுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க ஆசைப்படுவதாக முனிவேல் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் பரமசிவத்தின் மேஜைமேல், கண்ணாடிக் குண்டுக்கு அடியில், டைப் அடித்த ஒரு காகிதம் இருந்தது. முனிவேலை நிரந்தரமாக்கும் ஆர்டர். கையெழுத்து மட்டும் பாக்கி. ஆறு வருஷத்தில் ஆறு முறை, பதினோரு மாசத்துக்கு ஒரு தரம் வெளியே அனுப்பி, அதே கம்பெனியில் அவனைப் புது ஆளாகச் சேர்த்திருக்கிறார்கள். ரங்கம்மா ஏழு மாச வயிற்றோடு நாகரசம்பட்டியில் இருக்கிறாள். காகிதத்தில் கையெழுத்து விழுந்தால், பிரசவத்துக்குள் அவளை ஓசூருக்கே கூட்டிவந்துவிடலாம். அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

பேனலுக்குப் பின்னால் இருந்ததை வயரிங் என்று சொல்ல முடியாது. எல்லாமே சிவப்பு வயர். எது போவது, எது வருவது, எது எர்த்து, ஒன்றும் தெரியாது. கொத்துக் கொத்தாக முறுக்கிக்கொண்டு, சுவரை விட்டுப் பிதுங்கிக்கொண்டு. ஒவ்வொரு ஜாயின்டிலும் டேப்புக்குப் பதில் வெள்ளை நூல். நெருக்கமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மேலே வார்னிஷ் பூசியிருந்தது. மோட்டார் காயிலைக் கட்டுகிறவன் கட்டு அது. கட்டியவன் ஐசக்.

ஐசக் வைண்டிங் செக்‌ஷன் ஆள். கோலார்க்காரன். எதைச் சொன்னாலும் கடைசியில் 'குரு' போடுவான். எலக்ட்ரீஷியன் லீவில் இருந்த ஒரு நாள், வயர்தானே, நீயே பார் என்று டைரக்டர் அவனை இந்த வண்டிக்குள் அனுப்பினார். அவனுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். முடிச்சுப் போட்டதும் குனிந்து நூலைப் பல்லால் கடிப்பான். டிக் என்று சத்தம் வரும். போன வருஷம் இதே மாதிரி ஒரு விழாவுக்கு முதல் நாள், இதே வண்டியில், கையில் வயரோடு செத்துக்கிடந்தான். கம்பெனி ரெக்கார்டில் மாரடைப்பு. டைரக்டர் வண்டியில் ஷாக் அடித்தது என்று எழுதினால் வண்டியின் மரியாதை என்ன ஆவது?

அன்றைக்கு ஃபீஸ் கட்டையைச் சொருகியது வாட்ச்மேன் நல்லுசாமி. இன்றைக்கும் தூணுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது அவர்தான்.

"போடட்டுமான்னு கேட்டேம்பா. போடுன்னான். எங்காதால கேட்டேன். உள்ள கையில வயர வச்சிக்கினு எவனாச்சும் போடுன்னு சொல்லுவானா?" காலையில் முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். "அதுலருந்து மூணு தரம் கேக்கறது. மூணு தரமும் பதில் வந்தாத்தான் போடறது."

"முப்பது தரம் கேளுங்கண்ணா. கட்ட எம்பைலதான இருக்கப்போவுது" என்று முனிவேல் சிரித்தான்.

பன்னிரண்டு மணிக்குத்தான் அந்தச் சிரிப்பு நின்றது. முன்பக்கத்து விளக்குகளை எரியவிட்டுப் பார்ப்பதற்காகக் கட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்திருந்தான். "போடட்டுமா?" என்று அவர் கேட்டார். இவன் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான், பதில் சொல்லவில்லை. "போடட்டுமா?" மறுபடியும். ஸ்க்ரூவைத் துப்பிவிட்டு, "இருங்கண்ணா!" என்றான்.

நல்லுசாமி கதவருகே வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"மொதல்ல போடுன்ன. இப்ப இருன்ற. வெளையாடறியா?"

"நான் எங்கண்ணா சொன்னேன்?"

"சொன்னியேப்பா. போடு குருன்னு."

செக்போஸ்ட் வரிசையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்து ஓய்ந்தது. முனிவேல் கை நீட்டிக் கட்டையை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். வேலை முழுக்க முடிந்து, தானே வெளியே வந்து கொடுக்கும்வரை அதை யாரும் தொடக் கூடாது என்று அவரிடம் சொன்னான்.

பிறகு சாப்பிடக்கூடப் போகாமல் வேலை செய்தான். ஐசக்கின் ஜாயின்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, புது வயர் இழுத்து, கிளிப் அடித்து, வரிசையாக நேர்கோட்டில் கொண்டுபோனான். சுவரில் வேலை அழகாகத் தெரிந்தது. முன்பக்கம் முடிந்தது. நடுப்பக்கம் முடிந்தது. பின்பக்கத்துக்கு வந்தபோதுதான் அந்த வயர் சூடாக இருந்தது.

இப்போது அதன் நுனியைக் குனிந்து பார்த்தான். ஒரு நிமிஷம் முன்னால் வெட்டிய நுனி. சிவப்புத் தோலும் செம்புக் கம்பியும் தெரிய வேண்டும். நுனியில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. நெருக்கமாக. முடிச்சோடு.

தொட்டான். வார்னிஷ் ஈரம் விரலில் ஒட்டியது.

மூக்கில் அந்த நெடி ஏறியது. வைண்டிங் செக்‌ஷனில் அடுப்பு எரியும் நாளில் வரும் இனிப்பும் கசப்புமான நெடி. வைண்டிங் செக்‌ஷன் சனிக்கிழமையே பூட்டியாயிற்று. விரலைத் துடைக்கக் கை தானாகச் சட்டைக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டான். புதுச் சட்டை. காக்கி, பையின்மேல் கம்பெனிப் பெயர் சிவப்பு நூலில் பின்னியது. நேற்று மாலை பரமசிவம் தன் கையால் கொடுத்தது. 'ஞாயித்துக்கிழமையும் இதைத்தான் போடணும். டைரக்டர் எப்ப வேணும்னாலும் வருவாரு. ஒரு கறை இருந்துச்சு, நாளைக்கு ஃபங்ஷன்ல உன்னைக் கடைசியில நிறுத்திடுவேன்.' கடைசியில் நிற்கிறவனுடைய காகிதமும் கடைசிக்குப் போகும். அது எல்லாருக்கும் தெரியும்.

கதவைத் திறந்து சட்டையைக் கழற்றி நீட்டினான்.

"ண்ணா, இத ஒழுங்கா ஆணியில மாட்டுங்க. வார்னிஷ் பட்டா பரமசிவம் என்னையே மாட்டிடுவாரு."

"பொண்டாட்டி கட்டின பொடவையக்கூட இவ்ளோ பத்தரமா நீட்ட மாட்டபோல. ஆயித்தா?" நல்லுசாமி பாதி கன்னடத்தில் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. பெஞ்சுக்கு அடியில."

கதவு மூடிக்கொண்டது. மழை ஆரம்பித்தது. ஷெட்டின் தகரக் கூரைமேல் முதலில் எண்ணி எண்ணி, பிறகு எண்ண முடியாமல். வண்டிக்குள் வெளிச்சம் பழுப்பாகி, டார்ச்சின் வட்டம் மட்டும் நின்றது.

பின்பக்கச் சுவரோரமாக ஒரு நீளப் பெஞ்சு. சர்க்கஸ் முதலாளி படுத்த இடம். நாளை மெட்ராஸ் பெரிய மனிதர் உட்காரப்போகும் இடம். அதன் அடியில் பெட்டி. சூடான வயர் ஒரு துளை வழியாக அந்தப் பெட்டிக்குள் போனது. அதை இழுத்து வெளியே எடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது. முனிவேல் மண்டியிட்டு, வயரைப் பிடித்து இழுத்தான். ஒரு முழம் வந்தது.

நின்றது.

பிறகு மெதுவாக, அவன் விரலிடுக்கில் உரசிக்கொண்டு, அந்த ஒரு முழமும் திரும்ப உள்ளே போனது.

எலி என்று நினைத்தான். எலிதான். எலி வயரை இழுக்கும், கடிக்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். மழைக்குக் கீழே, மிக நெருக்கத்தில், நூல் சுற்றுகிற சரசரப்பு. சுற்று. இழு. சுற்று. இழு. பிறகு,

டிக்.

அவன் எழுந்திருக்க வேண்டும். கதவு நாலே எட்டு. எழுந்து போய் நல்லுசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைக்க வேண்டும். ஆனால் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் அந்தக் காகிதம் இருந்தது. ரங்கம்மா இருந்தாள். ஒரே ஒரு வயர். பையில் கட்டை இருக்கும்போது எவன் என்ன செய்துவிட முடியும்? கரண்டு இல்லாத வயர் கயிற்றுக்குச் சமம். கயிற்றுக்கா பயப்படுவது?

பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டான். முழங்கைவரை. தோள்வரை. உள்ளே ஈரமான சூடு. விரல்கள் வயரைத் தேடித் துழாவின. கிடைத்தது. பிடித்தான். இருட்டில் மணிக்கட்டின்மேல் ஏதோ மெல்லியது படர்ந்தது.

சுற்று. இழு.

கையை உருவினான். வரவில்லை. சுற்று. இழு. வலிக்கவில்லை. அதுதான் மோசம். பழகிய கை, அவசரமில்லாத கை. ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல், நூலுக்கு நூல் ஒட்டி, அவன் மணிக்கட்டை வயரோடு சேர்த்து வைத்து. நீட்டாக. பரமசிவமே வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

பரவாயில்லை, பரவாயில்லை என்று மனசுக்குள் சொன்னான். கட்டை என்னிடம் இருக்கிறது. இடது கையால் நெஞ்சைத் தொட்டான்.

தோல். வியர்வை. அடியில் இதயம்.

சட்டை இல்லை.

ஜன்னல் திரையின் இடுக்கு வழியாகத் தூண் தெரிந்தது. போர்டு. பக்கத்தில் ஆணி. ஆணியில் சட்டை, பை கனத்து முன்னால் தொங்கியபடி. நல்லுசாமி மழைச் சாரலுக்கு ஒதுங்கி நின்று கொட்டாவி விட்டார். வண்டிப் பக்கம் திரும்பினார்.

"முனிவேலு! ஆயித்தா? போடட்டுமா?"

வேண்டாம் என்று கத்தினான். வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது. பஞ்சரான டயரிலிருந்து வருவதுபோல.

"போடுங்கண்ணா."

பெட்டிக்குள்ளிருந்து. தெளிவாக. நாகரசம்பட்டிக் குரல். அவன் குரல்.

நல்லுசாமி தலையாட்டினார். சட்டைப் பக்கம் போனார். பாதியில் நின்றார். முனிவேல் காலால் தகரச் சுவரை உதைத்தான். மழை அதைவிட உரக்க உதைத்துக்கொண்டிருந்தது.

"கட்ட ஒம்பைலதாம்பா இருக்குது. நீயே வரேன்னியே. நானே போடட்டுமா?"

"நீங்களே போடுங்கண்ணா. வேல முடிஞ்சிட்சி." குரலில் ஒரு சிரிப்புகூட இருந்தது. காலையில் அவன் சிரித்த அதே சிரிப்பு.

நல்லுசாமி கட்டையைப் பையிலிருந்து எடுத்தார். சட்டை கசங்காமல் நீவிவிட்டார். இப்போது அவர் முகத்தில் பயமில்லை. இது 'குரு' போடுகிற குரல் இல்லையே. அவர் நல்ல மனிதர். விதியை மீறாதவர். ஒரு கையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வாய்க்குக் குவித்து, மூன்றாம் தரம் கேட்டார்.

"போடட்டுமா?"

முனிவேல் இழுத்தான். தோள் மூட்டு விலகும்வரை இழுத்தான். கட்டு நெகிழவில்லை. ஐசக்கின் கட்டு எந்த மோட்டாரிலும் நெகிழ்ந்ததில்லை.

"போடுங்கண்ணா" என்றது அவன் குரல்.

நல்லுசாமி போர்டுக்குத் திரும்பினார்.

பெட்டிக்குள், அவன் மணிக்கட்டுக்கு மிக அருகில், யாரோ குனிந்தார்கள். சூடான மூச்சு தோலில் பட்டது. பிறகு உதடுகள், ஈரமாக, முடிச்சின்மேல். பிறகு பற்கள் நூலைத் தேடின.

டிக்.