மூன்று சிவப்பு நாடாக்கள்

காலை 6.12. விமானம் அப்போதுதான் தரையை விட்டிருந்தது. துணை விமானி சக்கரங்களை மடக்கும் லீவரைத் தூக்கினார். முன் சக்கரமும் வலது சக்கரமும் சமர்த்தாக உள்ளே போயின. இடது சக்கரம் மட்டும் அடம்பிடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, எச்சரிக்கை மணி காதைத் துளைத்தது.

"இன்னொரு தடவ இழுத்துப் பாக்கட்டுமா மேடம்?"

"லீவர தொடாதீங்க. முதல்ல ஒழுங்கா பறப்போம். அப்புறம் புத்தகத்தப் பாத்து ஒவ்வொண்ணா செய்வோம்."

அந்தப் பெண் தலைமை விமானியாகிப் பன்னிரண்டே நாள். குரலில் பிசிறில்லை. வேகத்தை ஏற்றவில்லை. போதிய உயரம் வந்ததும் புத்தகப்படி லீவரை ஒரே ஒரு முறை இறக்கினார். மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. 6.41க்கு, கிளம்பிய இடத்திலேயே நூற்று ஐம்பத்தெட்டு பேரையும் பூப்போல இறக்கிவிட்டார்.

காலை 10.00. பழுதுபார்க்கும் ஹேங்கரில் விமானத்தைத் தூக்கி நிறுத்தி ஏழு முறை சோதித்தார்கள். ஏழு முறையும் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு மடங்கின.

"வண்டியில கோளாறே இல்ல" என்றார் விமான நிறுவன மேலாளர். "பயந்துபோய்த் திரும்பிட்டாங்க. இனி பழையபடி துணை விமானி சீட்டுதான்."

விமானியின் முகம் சுண்டிப்போனது. விசாரணை அதிகாரி காதில் வாங்காததுபோல் நின்றார். துருவித் துருவிக் கேட்பவர் என்பதால் அவருக்குத் 'துருவி' என்றே பெயர்.

நிற்கும் விமானத்தின் சக்கரம் மடங்காமலிருக்க மூன்றிலும் இரும்பு லாக் பின் செருகுவார்கள். கண்ணில் படுவதற்காக ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா உண்டு. புறப்படுமுன் கழற்றி விமானி அறைப் பையில் போட வேண்டும்.

"பையில எண்ணினீங்களா?" என்று விமானியிடம் கேட்டார் துருவி.

"எண்ணினேன் சார். மூணு. ரெண்டு வெளுத்த நாடா, ஒண்ணு புதுசு."

துணை விமானியிடம் திரும்பினார். "கீழ சுத்திப் பாத்தீங்களா?"

"பாத்தேன். எங்கயும் நாடா தொங்கல."

மூத்த மெக்கானிக் குறுக்கிட்டார். "இறங்கினதும் அதே மூணையும் நான்தான் சார் செருகினேன். சோதனைக்காகக் கழட்டி, இந்தா மேசையில வச்சிருக்கேன்."

துருவி இடது சக்கரத்தின் துளைக்குள் டார்ச் அடித்தார். விளிம்பில் புதுக் கீறல் பளபளத்தது. மேசைக்கு வந்து மூன்று பின்களையும் விரலால் தடவினார். ஒன்றிலும் கீறல் இல்லை.

"துளையில கீறல் இருக்கு, பின்னுல இல்ல. நாலாவது எங்க?"

மெக்கானிக் தன் கருவிப் பெட்டியின் அடியிலிருந்து நாடா இல்லாத ஒரு பின்னை எடுத்துக் கொடுத்தார். அதன் பக்கவாட்டில் ஆழமான கீறல்.

"இந்தப் பின்னோட நாடா முன்னமே அறுந்து விழுந்திருக்கு" என்றார் துருவி. "இடது சக்கரத்துல நாடா தெரியல, பையில ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு தொலைஞ்சிருச்சுன்னு நெனச்சு ஸ்டோர்ல புதுசு வாங்கி மூணாக்கிட்டீங்க. எல்லாரும் நாடாவத் தேடினீங்க, அந்த லாக் பின்ன யாரும் தேடல. இறங்கினதும் சக்கரத்துல பழச பாத்தீங்க, உருவி ஒளிச்சீங்க."

"இருபது வருஷமா ஒரு கெட்ட பேர் இல்ல சார்..."

"மறந்தது தப்பு. அந்தப் பழிய இந்தப் பொண்ணு சுமக்கட்டும்னு வாய மூடிக்கிட்டு நின்னீங்களே, அதுதான் குத்தம்."

பிறகு மேலாளரைப் பார்த்தார். "லாக் பின் செருகியிருக்குற சக்கரத்த மறுபடி இழுத்திருந்தாலும் மடங்கியிருக்காது. மத்த ரெண்டும் திரும்ப இறங்கும்னு என்ன நிச்சயம்? காரணம் தெரியாமலே சரியானத செஞ்சிருக்காங்க. நானா இருந்தா லீவரப் புடிச்சு இழுத்திருப்பேன்."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "மேடம், நாளைக்குக் காலையில முதல் விமானம் உங்களுதுதான்."

விமானி முதன்முறையாகச் சிரித்தார். "நீங்க சொன்னதுல ஒண்ணு சரிதான் சார். பயந்தேன். அதனாலதான் புத்தகத்த எடுத்தேன்."