அப்பாவின் கார் சத்தம்

ஓடி வந்து நின்ற கார் இஞ்சின் ஆறும்போது ஒரு சத்தம் வரும். டிக்... டிக்... என்று, சூட்டில் விரிந்த இரும்பு மெல்லச் சுருங்குகிற சத்தம். குணபூசணி அதைக் கேட்டபோது சமையலறையில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. சுவர் மணிக்கூட்டில் ஐந்து இருபத்தைந்து. சத்தம் வீட்டின் பக்கவாட்டிலிருந்து வந்தது. அங்கே பலகையின் மேல், நீல பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் இருந்த இஞ்சின் பதினேழு வருடமாக ஓடாதது. அன்று காலைதான் அதைக் காரிலிருந்து கழற்றி இறக்கியிருந்தார்கள்.

வெயிலில் சூடேறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மத்தியானத்திலிருந்து மழை.

காலையில் கிள்ளானிலிருந்து மெக்கானிக் நசீருதீன் வந்திருந்தான். சங்கிலி மாட்டி இஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அங்கிள், இந்தக் கிழவனை எழுப்பணும்னா ஆறு மாசம் ஆகும். ஹெட்டு வளைஞ்சு போச்சு, சாமான் சீமையிலேருந்து வரணும். பேசாம ஹாஃப்-கட் போட்டுருவோம் லா. ஜப்பான்ல பழைய காரை முன்பாதியா வெட்டி அனுப்புறான், நம்ம கடையிலயே ஒரு டட்சன் இஞ்சின் கெடக்கு. ரெண்டு வாரம். ஈப்போவுக்கு ஒரே மூச்சுல போய்ட்டு வரலாம்."

"எனக்கு ஈப்போவுக்குப் போகத் தேவையில்லை தம்பி," என்றார் அவள் கணவர் சீவரத்தினம். "ஸ்காட் ரோட்டு மூலையில இருந்து இந்த கேட் வரைக்கும் வந்தாப் போதும்."

"அதுக்குத் தள்ளிக்கிட்டே வந்துரலாமே அங்கிள்!"

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"சத்தம் வேணும்," என்றார். "இதின்ர சத்தம்."

ஏன் என்று நசீருதீன் கேட்கவில்லை. குணபூசணிக்குக் கேட்கத் தேவையில்லை.

அந்த மோரிஸ் மைனருக்கு என்று ஒரு சத்தம் இருந்தது. மூலையில் திரும்பும்போது அவர் மிதியிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் புகைக்குழாய் 'புர்ர்ர்' என்று வாய் குவித்து ஊதியதுபோல் சொல்லும். ரயில்வே ஆபீஸ் விட்டு ஐந்து இருபத்தைந்துக்கு அது கேட்கும். மகள் பவளராணி புத்தகத்தைப் போட்டுவிட்டு, தானும் உதட்டைக் குவித்துப் புர்ர்ர் என்று ஊதிக்கொண்டே ஓடிப்போய் கேட்டைத் திறப்பாள்.

அறுபத்தொன்பதில் கலவரம் வெடித்து ஊரடங்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. தெருவில் என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாத நாட்கள். குணபூசணிதான் பிள்ளையை முழங்காலுக்கிடையில் நிறுத்தி வைத்துப் படிப்பித்தாள்.

"அப்பான்ர கார் சத்தம் கேட்டா மட்டும்தான் திறக்கவேணும். வேற கார் வந்து நிண்டா திறக்கக் கூடாது. ஆர் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது."

"அப்பா கூப்பிட்டா?"

"அப்பா மாதிரிக் கூப்பிடுவாங்கள். நம்பாதை. கார் சத்தம் கேக்கவேணும்."

ஊரடங்கு எடுத்தார்கள். பிள்ளை அந்தச் சொல்லை விடவில்லை. நல்ல பிள்ளை. சொன்னால் கேட்கிற பிள்ளை.

எழுபத்தொன்றில் மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் டாக்டர் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கென்று கிள்ளான் ரோட்டில் வைத்து இஞ்சின் கொதித்து நின்றுவிட, சீவரத்தினம் காரை விட்டுவிட்டு பஸ் பிடித்து ஓடி வந்தார். ஈரச் சட்டையோடு கட்டிலருகே மண்டியிட்டார். பிள்ளைக்குக் கண் திறக்கவில்லை.

"அம்மா, அப்பா இன்னும் வரேல்லையா?"

"வந்திட்டன் பிள்ளை. இஞ்சதான் நிக்கிறன்."

"கார் சத்தம் கேக்கேல்லையே."

கையை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். யாரோ அந்நியன் பிடித்ததுபோல. விடியுமுன் போய்விட்டாள்.

ரோட்டிலிருந்து இழுத்து வந்து விட்ட கார் பதினேழு வருடம் போர்ட்டிக்கோவில் நின்றது. ஓய்வு பெற்ற மறுமாதம்தான் சீவரத்தினம் அதைத் தொட்டார்.

இஞ்சினை இறக்கிய மறுநாளும் ஐந்து இருபத்தைந்துக்கு டிக், டிக். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள், குணபூசணி விரிப்பைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். பழைய எண்ணெயும் துருவும் மணத்தன. இரும்பு சூடாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை. நெற்றிச் சூடு. மூன்று நாள் தன் உள்ளங்கை விலகாமல் கிடந்த நெற்றியின் சூடு.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. பிள்ளையின் அறை. பூட்டிய அறை.

புர்ர்ர்.

உதடு குவித்து. ஈரமாக.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மண்ணில் வைத்த பிள்ளை. பதினேழு வருடம் மண்ணில் கிடந்த பிள்ளை. எந்த முகத்தோடு வரும்? இந்த இஞ்சின் ஓடினால், மூலையில் திரும்பினால், கேட்டைத் திறக்க எது ஓடி வரும்?

"என்னப்பா," என்றாள் அன்றிரவு சோற்றைப் போட்டபடி. "அந்தப் பொடியன் சொன்ன டட்சனையே போடுவமே."

"ஒரே ஒரு தரம், குணம்," என்றார் அவர். சோற்றைத் தொடவில்லை. "ஒரே ஒரு தரம் அவள் கேட்டாப் போதும். அப்பா வந்திட்டான் எண்டு தெரிஞ்சால் போதும். பிறகு பழைய இரும்புக்குப் போட்டாலும் போடு."

பயந்தவளின் காதில் கடைசிச் சொல்தான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை அவர் ஹெட்டைப் பற்றிப் பேசக் கிள்ளானுக்குப் போனார். பத்து மணிக்குப் பழைய இரும்பு லோரிக்காரன் மணியடித்துக்கொண்டு வந்தான். அவளே கையைத் தட்டிக் கூப்பிட்டாள். மூன்று பேர் தூக்கினார்கள்.

"ஆன்டி, கனமா இருக்கே! இன்னிக்குத்தான் நிறுத்துனீங்களா? சுடுது."

"கொண்டு போங்கோ. கெதியா."

லோரி மூலையில் திரும்பியபோது பிள்ளையின் அறையில் ஏதோ தரையில் விழுந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. நிம்மதி என்று நினைத்தாள்.

சாயங்காலம் அவர் வந்து பலகையைப் பார்த்தார். எண்ணெய்க் கறை மட்டும்.

"ஆர் எடுத்தது?"

"நான்தான் குடுத்திட்டன்."

இரும்புக் கடைக்கு ஓடினார். இஞ்சின் காலையிலேயே உருக்காலைக்குப் போய்விட்டது. திரும்பி வந்து கறையின் பக்கத்தில் குந்தியிருந்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நசீருதீன் காரைக் கிள்ளானுக்கு இழுத்துப்போய், இரண்டு வாரத்தில் டட்சன் இஞ்சினைப் பூட்டி, புது மணப்பெண்போல் துடைத்துக் கொடுத்தான். சீவரத்தினம் கிள்ளானிலிருந்து தானே ஓட்டி வந்தார். குணபூசணி போர்ட்டிக்கோவில் நின்றாள். தூறல். மணி ஐந்து இருபத்தைந்து. மூலையில் மோரிஸ் மைனர் திரும்பியது, தையல் மெஷின்போல், ஒரு தடங்கலும் இல்லாமல். வந்து கேட்டின் முன் நின்றது.

கேட்டைத் திறக்கப் போனாள்.

"அம்மா."

முதுகுக்குப் பின்னால். பிள்ளையின் அறை ஜன்னலின் லூவர் கண்ணாடிப் பட்டைகளுக்குள்ளிருந்து. பயந்த, கிசுகிசுத்த குரல்.

"ஆரோ வேற கார் வந்து நிக்குது. திறக்காதையுங்கோ."

கை கேட்டிலேயே ஒட்டிக்கொண்டது. பிள்ளை எங்கிருந்தும் வரவில்லை. இங்கேயேதான் இருந்திருக்கிறாள். பதினேழு வருடமாக, அந்த ஜன்னலுக்குள், காதைத் தீட்டிக்கொண்டு.

சீவரத்தினமும் கேட்டுவிட்டார். காரிலிருந்து விழுந்து எழும்பி ஓடி வந்தார்.

"பிள்ளை! அப்பா வந்திட்டன்!"

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டிய அறைக்குள், தாழ்ப்பாள்.

"கார் சத்தம் கேக்கேல்லையே."

அவர் திரும்பி ஓடினார். காரை எடுத்தார். மூலைவரை போனார். திரும்பி வந்தார். தையல் மெஷின். மறுபடி போனார். மறுபடி வந்தார். மழை வலுத்தது. லூவர் கண்ணாடிகளின் இடையில் நான்கு விரல்கள். சின்ன விரல்கள். நகத்தில் மண்.

"பிள்ளை," என்றாள் குணபூசணி. "அது அப்பாதான். அம்மா சொல்றன்."

அன்று அம்மா சொன்னதைத்தான் அது செய்துகொண்டிருந்தது.

ஏழாம் தரம் அவர் இஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். மழையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது மனிதர், உதட்டைக் குவித்து ஊதினார்.

புர்ர்ர்.

விரல்கள் அசைந்தன. ஒரு கணம்.

"அம்மா," என்றது குரல், அழத் தொடங்கி. "அப்பா மாதிரியே செய்றாங்கள்."

மேல் கண்ணாடி மூடியது. அதன் கீழ்க் கண்ணாடி. அதன் கீழ். அவர் ஊதிக்கொண்டே இருந்தார்.