பிடுங்கிய ஒயர்

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும், அந்தப் பழைய வேனின் ஆயில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எரியுதுங்க,” என்றாள் மனைவி, டிரைவர் சீட்டிலிருந்து. அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, கண்ணில் பட்டதைச் சொன்னாள். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த அவள் புருஷன் மெக்கானிக். பேட்டரி இல்லாமல் விளக்கு எரியாது என்று அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவளுடைய தம்பி ஓட்டிய வண்டி இது. இறக்கத்தில் எஞ்சின் ஜாமாகி நின்றுவிட்டது. என்னவென்று பார்க்க அவன் இறங்கி முன்பக்கம் போனான். பின்னால் வந்த லாரி இடித்த இடியில் வேன் அவன்மேல் ஏறி, முப்பது அடி இழுத்துக்கொண்டு போய் நின்றது.

“ஆயில் பிரஷர் கொறஞ்சா வெளக்கு எரியுமாமே. என் தம்பிக்கு மட்டும் ஏன் எரியல? நீங்க பாத்துச் சொல்லுங்க. வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன்” என்று காலையில் புருஷனைப் பிடிவாதமாக இழுத்து வந்தவளே அவள்தான்.

ஏன் எரியவில்லை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். போன மாதம் விளக்கு மினுக்மினுக்கென்கிறது என்று மச்சினன் வந்து நின்றபோது, பட்டறையில் தலைக்கு மேல் வேலை. மீட்டர் மாட்டி, பிரஷர் அளந்து, பம்பைக் கழற்றிப் பார்த்தால் ஒரு நாள் பாழ். எஞ்சின் பக்கவாட்டில், அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்சிலிருந்து ஒயரைப் பிடுங்கி, நுனியில் டேப்பைச் சுற்றிவிட்டான். விளக்கு அணைந்தது. “சுவிட்சுதான் கோளாறு. நிம்மதியா ஓட்டு மாப்ள” என்று முதுகில் தட்டியும் அனுப்பினான், பாவி.

இப்போது அந்த ஒயரைச் சத்தமில்லாமல் செருகிவிட வேண்டும். விளக்கு எரிந்தது, உன் தம்பிதான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்? டேப்பை அவள் பார்த்துவிட்டால், அப்புறம் புருஷன் முகத்திலேயே விழிக்க மாட்டாள்.

தடவிப் பார்த்தான். ஒயர் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பேட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. பிறகு எது எரிகிறது?

கருகிய ஆயிலும் ரப்பரும் கலந்த வழக்கமான வாடைக்கு நடுவே, கறிக்கடையைத் தாண்டும்போது வருமே, அந்த வாடையும் வந்தது. ஆயில் தொட்டியின் விளிம்பில் கட்டம் போட்ட சட்டைத்துணி ஒரு கிழிசல், முடியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. பன்னிரண்டு நாள் ஓடாத எஞ்சினைத் தொட்டான். சுட்டது. கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்த விரல் சிவப்பாக இருந்தது.

“இப்ப?” என்று கேட்டான்.

“எரியுது. ஏங்க, வண்டி அதிருதே?”

ஃபேன் பெல்ட் மெல்லத் திரும்பியது. கையை இழுத்தான். சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. பிறகு விரல்கள். முருங்கைக்காய் ஒடிவது போல ஒவ்வொன்றாக. மணிக்கட்டு. முழங்கை. கத்த வாயைத் திறந்தான். ஜாக்கி இறங்கியது. நெஞ்சின்மேல் எஞ்சின் உட்கார்ந்தது. மூச்சு மட்டும் வெளியே போனது.

காதருகில் இன்னொரு மூச்சு.

தலையைத் திருப்பினான். பக்கத்தில் மச்சினன் மல்லாந்து கிடந்தான். கட்டம் போட்ட சட்டை. தட்டையாகிப் போன மார்பு. ஒரு கன்னம் இல்லை. அவன்தான் இவன் கையைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

ரத்தம் தரையில் சொட்டவில்லை. மேலே ஏறியது. எஞ்சின் குடித்தது. ஒவ்வொரு மடக்குக்கும் சத்தம் சீரானது.

“அணைஞ்சிடுச்சுங்க!” மேலே அவள் குரலில் சந்தோஷம். “சரி பண்ணிட்டீங்களா?”

“சரியாயிடுச்சு மாமா,” என்றது பக்கத்தில் இருந்த வாய். “நிம்மதியா ஓட்டலாம்.”

கியர் விழுந்தது.

“ஐயோ, நான் எதையும் தொடலையே! ஏங்க, வண்டி நகருதுங்க!”

வேன் நகர்ந்தது. அவனையும் இழுத்துக்கொண்டு, மெதுவாக, ஒரு அடி. இரண்டு அடி. மூன்று.