விஸ்வநாத் பெயரில் ஓடிய கணக்கு

மல்காஜ்கிரி வீட்டின் முன்னறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தவர்கள் நான்கு பேர். கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே, சுழல் நாற்காலியில், ஆறாம் வகுப்பு படிக்கும் நீலா. அவளுக்கு இடப்பக்கம், ஸ்டூலில், எதிர்வீட்டுத் தோழி ஃபாத்திமா. கட்டில் ஓரத்தில், செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அப்பா இராமச்சந்திரன். சமையலறை வாசலில், அவரைக்காய் ஆய்ந்தபடி அம்மா கனகவல்லி.

ஐந்தாவதாக ஒருவன் இருந்திருக்க வேண்டும். நீலாவின் அண்ணன் கிரி. கம்ப்யூட்டரைப் பற்றி அந்த வீட்டில் அவனுக்குத்தான் தெரியும். ஆனால் அவன் இன்ஜினியரிங் சேர்ந்து, வாரங்கல் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான்.

கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை. எதைத் திறக்கச் சொன்னாலும் திரையில் மணல் கடிகாரம் வந்து நின்றுகொண்டது. மேசைக்கு அடியில் இருந்த பெட்டி ஓயாமல் இரைந்தது.

"கிரி போனதிலேர்ந்தே இது இப்படித்தான் இருக்குது," என்றார் அம்மா. "இதுக்கும் அவன் ஏக்கம் போல."

"ஒரு லெட்டர் டைப் பண்ண உட்கார்ந்தா பாதி நாள் போயிடுது," என்றார் அப்பா. "பேசாம இதைக் கொடுத்துட்டு வேற வாங்கிடலாம்."

"நக்கோ அங்கிள், வேணாம்," என்றாள் ஃபாத்திமா. அவள் குடும்பம் ஆம்பூரிலிருந்து வந்தது. தமிழோடு ஹைதராபாத் உருதுவும் அவள் வாயில் கலந்து வரும். "டாஸ்க் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு. யாரு எவ்வளவு வேலை பண்றாங்கன்னு பேர் போட்டுக் காட்டும்."

"எங்க ஆபீசுக்கு அதுல ஒண்ணு வேணுமே," என்றார் அப்பா.

நீலா மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். ஒரு பட்டியல் வந்தது. மொத்த வேலை நூறு சதவீதம் என்று கீழே போட்டிருந்தது. அதில் ஒரே ஒரு புரோகிராமுக்கு நேரே மட்டும் தொண்ணூற்றேழு. அந்தப் பெயரை நீலா கேள்விப்பட்டதே இல்லை.

"இவன்தான் திருடன்," என்றாள் ஃபாத்திமா. "மத்தவங்க பங்கையும் இவனே சாப்பிடறான்."

நீலா ஒரு ஃபோல்டரைச் சொடுக்கிப் பார்த்தாள். தொண்ணூற்றேழு சட்டென்று இருபதாக இறங்கி, சற்று நேரம் கழித்து மறுபடி ஏறியது. அவள் அதைக் கவனித்தாள். ஏன் என்று யோசிக்கவில்லை.

"இதை எடுத்துடவாப்பா?"

"எடுத்துடு."

நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் ஒரு முறை கேட்டது. நீலா 'ஆம்' என்பதைச் சொடுக்கினாள். பெட்டியின் இரைச்சல் அப்படியே அடங்கியது. அப்பா செய்தித்தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கைதட்டினார். அம்மா இருவருக்கும் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார்.

மாலையில் கிரி போன் செய்தான். ஹாஸ்டல் போனுக்கு எப்போதும் வரிசை நிற்கும். அதனால் வாரத்துக்கு ஒரு முறைதான் பேசுவான்.

"உன் தங்கச்சி கம்ப்யூட்டர் டாக்டர் ஆயிட்டா," என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டு, போனை நீலாவிடம் நீட்டினார்.

"என்ன பண்ணினே?" என்று கேட்டான் கிரி.

"ஏதோ ஒரு புரோகிராம்ணா. பேரே வாயில நுழையல. தொண்ணூத்தேழு பர்சென்ட் அதுவே எடுத்துக்கிச்சு. தூக்கிட்டேன்."

அவனுக்குப் பின்னால் பையன்கள் தெலுங்கில் பேசிக்கொள்வது மட்டும் கேட்டது.

"அண்ணா?"

"அது விசு பேர்ல ஓடிட்டிருந்துச்சு, நீலா."

விசு என்கிற விஸ்வநாத் கிரியுடன் பள்ளியில் படித்தவன். ஃபாத்திமா உட்கார்ந்திருந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து, கிரியோடு கார் பந்தயம் விளையாடுவான். தோற்றால், கீபோர்டில் அடை எண்ணெய் ஒட்டியிருக்கிறது என்று அம்மாவின் அடைமேல் பழி போடுவான். அவனுக்கு ரத்தத்தில் ஒரு நோய் இருந்தது. போன வருடம் இறந்துபோனான்.

"அந்த மாதிரி நோய்க்கு மருந்து தேடறாங்க," என்றான் கிரி. "ரொம்பப் பெரிய கணக்கு. அதைத் துண்டு துண்டா வெட்டி, வீட்டு கம்ப்யூட்டருங்களுக்கு அனுப்புவாங்க. முடிச்சுத் திருப்பி அனுப்பினா நம்ம பேர்ல பாயின்ட் ஏறும். நான் என் பேரைக் கொடுக்கல. அவன் பேரைக் கொடுத்தேன்."

"காலையில ஓடிட்டிருந்தது?"

"பெரிய துண்டு. நான் கிளம்பும்போதே ஓட ஆரம்பிச்சது, முடியற நேரம்."

"நான் தூக்கிட்டேனே," என்றாள் நீலா.

"விடு, உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லியிருக்கணும்," என்றான் கிரி. "ஆனா கம்ப்யூட்டர் ஸ்லோ ஆனது அதனால இருக்காது. சும்மா இருக்கிற நேரத்துலதான் அது ஓடும். நீ எதையாவது தொட்டா, உனக்கு வழி விட்டு ஒதுங்கிக்கும். சரி, பின்னாடி ஆள் நிக்கறாங்க. வெச்சிடறேன்."

தொண்ணூற்றேழு இருபதாக இறங்கியது நீலாவின் கண்முன் வந்தது. அது ஒதுங்கி நின்றதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். போனை வைத்துவிட்டு, கிரி சொன்னதை வீட்டில் சொன்னாள்.

"விசுவோடதா?" என்றார் அம்மா. பிறகு உள்ளே போனார். நீலாவை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். அதே மணல் கடிகாரம். கிரி சொன்னது சரிதான். ஒரு தப்பும் செய்யாததைத் தூக்கி எறிந்திருக்கிறாள்.

ஃபாத்திமா வந்தாள். இந்த முறை நீலா எதையும் நீக்கவில்லை. டாஸ்க் மேனேஜரை ஓரமாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து மூடினாள். ஒவ்வொரு முறையும் இரண்டு பெயர்கள் மட்டும் சேர்ந்தாற்போல் மேலே எகிறின. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், இரண்டு குட்டிக் கேடயங்கள் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

"ரெண்டும் ஆன்டிவைரஸ்," என்றாள் நீலா. "சிவப்பு முதல்லேர்ந்தே இருக்கு. நீலம், அண்ணா போனதும் சீதாராமன் மாமா வந்து போட்டது."

சீதாராமன் அப்பாவின் அலுவலக நண்பர்.

"ஹவ், ஆமா, ஒரு கேட்டுக்கு ரெண்டு வாட்ச்மேன்," என்றாள் ஃபாத்திமா. "ஒருத்தன் பையைக் காட்டுங்கறான். காட்டினா இன்னொருத்தன் வந்து அவன்கிட்ட, நீ ஏன் அவங்க பையைத் தொட்டே, உன் பையைக் காட்டுங்கறான்."

வேறொரு நாளாக இருந்தால் நீலா சிரித்திருப்பாள். அப்பா வரும்வரை காத்திருந்து, சீதாராமன் மாமாவுக்குப் போன் போடச் சொன்னாள்.

"பழசை எடுத்துடச் சொல்ல மறந்துட்டேனே," என்றார் மாமா. "சிவப்பை எடுத்துடும்மா."

எடுத்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும், ஃபோல்டர் தொட்டவுடன் திறந்தது.

"பலே," என்றார் அப்பா.

"நேத்தே இதைப் பார்த்திருக்கலாம்ப்பா," என்றாள் நீலா.

ஃபாத்திமா அவளை மெல்ல இடித்தாள். "அந்தக் கணக்கு புரோகிராமை மறுபடி இன்டர்நெட்டிலேர்ந்து எடுத்துப் போட்டுடலாமே?"

"போடலாம். பேரும் பாஸ்வேர்டும் கேட்கும்."

"உன் பேரைப் போடு."

"என் பேரைப் போட்டா, விசு அண்ணா பேர் இப்ப இருக்கிற இடத்துலயே நின்னுடும்."

"அப்ப அண்ணாவுக்கு மெயில் போட்டுக் கேளு," என்றாள் ஃபாத்திமா.

"காலேஜ் லேப்லதான் மெயில் பார்ப்பான். பின்னாடி நாலு பேர் எட்டிப் பார்ப்பாங்க. இது அவன் தனியா படிக்க வேண்டியது."

அப்பாவின் மேசையிலிருந்து ஒரு இன்லாண்ட் லெட்டரை எடுத்துவந்து எழுதினாள்.

'அண்ணா, காரணம் ரெண்டு ஆன்டிவைரஸ். விசு அண்ணா கணக்கு இல்லை. உன்னைக் கேட்காமல் அதை எடுத்தது என் தப்பு. போன துண்டு திரும்பி வராது என்று தெரியும். நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். புதுத் துண்டு வாங்க பாஸ்வேர்ட் அனுப்புவாயா? யாருக்கும் சொல்ல மாட்டேன், ஃபாத்திமாவுக்குக்கூட.'

"எனக்குக்கூடவா?" என்றாள் தோளுக்கு மேல் எட்டிப் படித்துக்கொண்டிருந்த ஃபாத்திமா.

"உனக்குக்கூட."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றார். "ராத்திரியெல்லாம் ஓடினாலும் ஓடட்டும், கரண்ட் பில் வந்தா நான் அப்பாகிட்ட பேசிக்கறேன்னு எழுது."

நீலா அதையும் எழுதினாள். மடித்து, ஓரங்களை நாக்கால் ஈரமாக்கி, மேசைமேல் வைத்து அழுத்தி ஒட்டினாள். இருவரும் ஸ்டேஷன் சாலைத் தபால் பெட்டிக்கு நடந்தார்கள்.

கடிதத்தைப் போட்ட பிறகும் நீலா அங்கிருந்து நகரவில்லை. எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றாள். ஃபாத்திமாவும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றாள். மாலையின் கடைசித் தபால் எடுக்கத் தபால்காரர் வந்து, பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டார். அந்த நீலக் கடிதங்களில் எது தன்னுடையது என்று நீலாவுக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாமே சைக்கிளில் ஏறி, ஸ்டேஷன் பக்கமாகப் போயின.